தங்கிச் செல்வோரின் தர்மம்

பற்றின்றி வாழ்வதற்கு உத்தமமான உபாயம் ஓரிடத்திலும் நிலைத்து நில்லாமல் சஞ்சரித்துக்கொண்டிருப்பதே என்ற நம்பிக்கை உலகத்துச் சமயங்கள் பலவற்றில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வீட்டைத் துறந்தவனுக்கு வேலியில்லை, வரப்புச் சண்டையில்லை, பத்திரமில்லை, வாரிசு வழக்கில்லை. ஆகவே நிலத்துக்கு அவனால் வரக்கூடிய தீங்கும் இல்லை என்று நாம் எளிதில் முடிவுகட்டிவிடுகிறோம். அந்த முடிவின் கடைசிப் பகுதி எவ்வளவு தூரம் உண்மை என்பதே இங்கே என் விசாரம். உடைமை இல்லாதவனுக்குப் பழியும் இல்லையா? அமெரிக்காவின் மேற்குப் பிரதேசத்துக் காடுகளில் கேம்பர் வண்டியில் பிரயாணம் செய்து, மாலைதோறும் தங்குவதற்குத் தக்க முகாமைத் தேடுகிறவர்கள், அறிந்தோ அறியாமலோ, இந்தக் கேள்வியின் மேலேயே தங்கள் வண்டியை நிறுத்துகிறார்கள்.

கலிபோர்னியாவின் மலைக்காடு ஒன்றில், பொழுது சாயும் வேளையில், அத்தகைய வண்டி முகாமுக்குள் நுழைவதை நின்று பார்க்கவேண்டும். அடுப்பும் படுக்கையும் நல்ல தண்ணீர்த் தொட்டியும் கழிவுநீர்த் தொட்டியும் தன்னகத்தே கொண்ட அந்தச் சிறு வீடு, மரங்களினிடையே வளைந்து செல்லும் ஒருவழிப் பாதையில் மெல்ல ஊர்ந்து வந்து, எண் எழுதிய கம்பத்தருகே தனக்கென ஒதுக்கப்பட்ட கிளைத்தடத்தில் நிற்கிறது. ஒருவர் இறங்கி ரசமட்டம் வைத்துப் பார்த்து, தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தின் கீழ்க் கட்டைகளை அடுக்குகிறார். மற்றொருவர் கரடி வாராதபடி உணவுப் பண்டங்களையெல்லாம் இரும்புப் பெட்டிக்குள் வைத்துத் தாழிடுகிறார். பிறகு, அவர்கள் என்றைக்கு அங்கிருந்து புறப்பட்டுச் செல்லவேண்டும் என்ற தேதி எழுதிய சீட்டு ஒன்றைக் கம்பத்தில் செருகுகிறார்கள். நாம் வீட்டு வாசலில் பெயரை எழுதிவைக்கிறோம்; போகும் தேதியை எழுதிவைத்தவர் எவருமில்லை. அந்நாட்டுப் பொதுக் காடுகள் பெரும்பாலானவற்றில் ஒருவர் தொடர்ந்து 14 நாட்களுக்குமேல் தங்கலாகாது என்பது விதி. கிருகஸ்தரை இரண்டு வாரம் யதியாக்கிவிடும் இந்த விதியில், அதை இயற்றியவர்கள் நினைத்திராத ஒரு தத்துவப் பொருள் அடங்கியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் நிலத்தைக் காப்பதற்குக் கெடு மட்டும் போதாது என்பதை முதலில் தெளிவாக எடுத்துரைத்தவர் சமயாசாரியர் அல்லர். மரங்களின் நோய்களை ஆராய்ந்த விஞ்ஞானி ஒருவர். மைனெக்கே என்பது அவர் பெயர். அமெரிக்க விவசாயத் துறையில் பணிபுரிந்தவர். 1908-இல் ஃபோர்டு நிறுவனத்தின் மலிவான கார் வந்த பிறகு, சாமானிய ஜனங்களும் குடும்பத்தோடு கூடாரத்தைக் கட்டிக்கொண்டு வனங்களைத் தேடிப் போகத் தொடங்கினார்கள். தடுப்பாரில்லாத அக்காலத்தில், யாருக்கு எந்த மரம் அழகாகத் தோன்றியதோ அதன் அடிக்கே காரை ஓட்டிச் சென்று, அங்கேயே கூடாரமடித்து, அங்கேயே சமைத்து உண்டு உறங்கி, மறுநாள் வேறோர் அழகைத் தேடிப் புறப்பட்டுவிடுவார்கள். அவர்களில் எவரும் காட்டின் விரோதியல்லர். எல்லோரும் அதன் அன்பர்கள். 1920-களின் பிற்பகுதியில் செக்கோயா மரக் காடுகளையும் ரெட்வுட் எனப்படும் செம்மரக் காடுகளையும் ஆராய்ந்த மைனெக்கே கண்டது இதுதான்: ஆயிரக்கணக்கான பாதங்களும் சக்கரங்களும் மிதித்து மிதித்து மண் இறுகிப்போகிறது, இறுகிய மண்ணுக்குள் மழை நீரும் காற்றும் இறங்குவதில்லை, மேல்மண்ணில் பரவி மரத்துக்கு ஆகாரம் தரும் நுண்வேர்கள் நலிகின்றன, செடிகொடிகள் மறைந்து புழுதி மிஞ்சுகிறது. கலிபோர்னியாவின் கடற்கரைச் செம்மரம் முந்நூறு அடிக்குமேல் வளரக்கூடியது. ஆணிவேரின்றி, பெரும்பாலும் பன்னிரண்டு அடி ஆழத்துக்குள்ளேயே வேர்களைப் பக்கவாட்டில் பரப்பி நிற்பது. அத்தனை பெரிய விருட்சத்தின் ஜீவன், ஒரு குழந்தை ஓடியாடி விளையாடும் மேல்மண்ணில் இருக்கிறது. கோடரி எடுத்தவனுக்குத் தான் வெட்டுவது தெரியும். மர நிழலில் பாய் விரித்தவனுக்குத் தான் செய்வது இன்னதென்று தெரியாது. இந்த அறியாமையே எனக்கு அதிகத் துயரம் தருகிறது.

ஒரு முகாம் புழுதிக்காடாகிவிட்டால் ஜனங்கள் அதைக் கைவிட்டு அடுத்த பசுமைக்கு நகர்ந்துவிடுவதையும், இப்படி நகர நகர அழிவு பரவுவதையும் மைனெக்கே சுட்டிக்காட்டினார். சஞ்சாரம் பழியைக் குறைக்கும் என்று நாம் எண்ணியதற்கு நேர்மாறான சாட்சி இது. 1932-இல் முகாம் கொள்கை பற்றி அவர் எழுதிய சிறுநூலில் கூறிய பரிகாரம் எளிமையானது. காரைப் பாதையிலும் கிளைத்தடத்திலும் கட்டிப்போடு. மேஜையும் அடுப்பும் பெயராதபடி ஓரிடத்தில் நிலைநிறுத்து. கற்களாலும் கட்டைகளாலும் எல்லை வகு. மனிதன் மிதிக்கும் நிலம் இவ்வளவுதான் என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டால் மீதி நிலமெல்லாம் பிழைக்கும். இன்று அமெரிக்காவெங்கும் வண்டிகள் சென்று தங்கும் வளையப் பாதை முகாம்களின் மூல வடிவம் பெரும்பாலும் இதுவே.

இதைப் படிக்கும்போது என் மனம் பௌத்த விநய பிடகத்தை நாடிச் சென்றது. பிக்ஷுக்கள் மழைக்காலத்திலும் ஊர் ஊராகச் சஞ்சரித்து, ஓரறிவுயிர்களாகிய புல்லையும் பயிரையும் மிதித்துச் சிற்றுயிர்களை மாய்க்கிறார்கள் என்று ஜனங்கள் குறைகூறினார்களாம். பறவைகள்கூட அக்காலத்தில் கூடு கட்டி அடங்கியிருக்க, இவர்களுக்கு மட்டும் அடக்கமில்லையே என்றார்களாம். அதன் விளைவாகவே மழைக்கால வாசம் என்ற நியமம் சங்கத்தில் ஏற்பட்டதாக அந்நூல் சொல்லுகிறது. உடைமை அனைத்தையும் துறந்து ஓடு ஒன்றை மட்டும் ஏந்தியவர்கள்மீதே இந்தக் குற்றச்சாட்டு வந்தது என்பது கவனிக்கத்தக்கது. அவர்கள் உடைமை கொள்ளாமையாகிய அபரிக்கிரகத்தில் குறைபட்டவர்களல்லர். அஹிம்சைக்கு அது போதவில்லை என்பதே விஷயம். தேகமென்று ஒன்றிருக்கும்வரையில் அதற்குக் கனமுண்டு, அந்தக் கனம் எங்கேனும் ஓரிடத்தில் விழுந்தே தீரும். பிக்ஷு பூமியைத் தோண்டலாகாது, பசுஞ்செடியைச் சிதைக்கலாகாது, சங்கத்துக்குரிய கட்டிலையோ மெத்தையையோ வெட்டவெளியில் போட்டவன் அதை எடுத்துவைக்காமல் புறப்படலாகாது என்றெல்லாம் விநயம் விதிக்கிறது. இந்த மூன்று விதிகளையும் எந்த முகாமின் அறிவிப்புப் பலகையில் எழுதிவைத்தாலும் அவை அங்கே அந்நியமாகத் தோன்றமாட்டா.

எண் போட்ட இடத்தில், அண்டை வண்டியின் பேச்சுக்குரல் காதில் விழ, இரவைக் கழிப்பதா வனவாசம் என்று கேட்கும் சுதந்திரப் பிரியர்கள் அநேகர். கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கின் முகாம்களில் கோடைக்கால இடங்கள், பல மாதங்களுக்கு முன்பே, பதிவு தொடங்கிய சில நிமிடங்களில் தீர்ந்துவிடுவதால் அவர்களுடைய அலுப்பில் நியாயமும் உண்டு. எனினும், ஒருவரும் மிதிக்காத புல்தரையே உத்தமமான இடம் என்ற அவர்களுடைய எண்ணத்தை நான் ஒப்பமாட்டேன். மிதிக்கப்படாத தரையில் முதலில் தங்குகிறவன், தனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு ஒரு தடத்தைப் போட்டுக்கொடுத்துவிட்டுப் போகிறான். ஏற்கெனவே இறுகிய மண்ணும், ஏற்கெனவே கருகிய அடுப்பும், நீரோடைக்குத் தக்க தூரமும் உள்ள இடமே தங்குவதற்குத் தகுந்தது. பிறர் இருந்து சென்ற இடத்தில் இருப்பதற்குச் சம்மதிப்பதில் ஒருவகை அகங்கார நிக்கிரகமும் உண்டு.

இத்தகைய பொதுக் காட்டை யாருக்கும் சொந்தமல்லாத நிலம் என்று சொல்லும்போது ஒன்றை மறக்கலாகாது. யோசெமிட்டி பள்ளத்தாக்கு வெறுமையாகக் கிடந்ததன்று. 1851-இல் மாரிபோசா என்ற பெயர்கொண்ட படையினர் புகுந்து, அங்கே வாழ்ந்த அஹ்வாநீச்சி மக்களின் இருப்பிடங்களை எரித்து அவர்களை விரட்டினார்கள். திரும்பிவந்து வசித்தவர்களின் சந்ததியாருக்கென அங்கே எஞ்சியிருந்த கடைசிக் கிராமமும் 1969-இல் அழிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களை வெளியேற்றிய நிலத்தில், இரண்டு வாரம் இருந்து செல்பவன் தன்னைப் பற்றற்றவன் என்று மெச்சிக்கொள்வதற்கு இடமில்லை. அவன் விருந்தினன்; அதுவும், அழைத்தவர் இன்னாரென்று தெரியாத விருந்தினன்.

செக்கோயா தேசியப் பூங்காவில், ஷெர்மன் தளபதியின் பெயர்தாங்கிய மாபெரும் மரம் நிற்கும் ஜெயன்ட் ஃபாரஸ்ட் என்ற வனத்திலும், மரங்களின் காலடியிலேயே ஒரு காலத்தில் முகாம்களும் விடுதிகளும் கடைகளும் மண்டியிருந்தன. மைனெக்கேயின் எச்சரிக்கைக்குப் பிறகு பல பத்தாண்டுகள் தாமதித்தே அவை ஒவ்வொன்றாக அகற்றப்பட்டன. 1990-களின் இறுதியில் கட்டடங்கள் இடிக்கப்பட்டு மண் சீர்திருத்தப்பட்டது. இன்று அங்கே பகலில் சென்று தரிசித்து வரலாம். வண்டியில் இரவு தங்க விரும்புவோர் சில மைல் தள்ளியுள்ள லாட்ஜ்போல் போன்ற முகாமுக்குத்தான் போகவேண்டும். அங்கே செல்லும் அன்பர்கள் அந்தச் சில மைல்களைக் குறையாக எண்ணாமல், எல்லைக்கற்களுக்கு உள்ளேயே வண்டியை நிறுத்தி, சீட்டில் எழுதிய தேதியன்று புறப்பட்டுவிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.