அடுத்தவர் சொல்லுக்கு நம் எழுத்துரு

கைப்பேசியில் எழுத்துருவை மாற்றுவது சின்ன வேலைதான். சாம்சங் போன்றவற்றில் செட்டிங்ஸில் டிஸ்பிளே பகுதிக்குப் போய்ப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஐபோன் கொஞ்சம் கறார். 2019-இல் வந்த ஐஓஎஸ் 13 முதல் வெளி எழுத்துருக்களை நிறுவலாம்; ஆனால் சில செயலிகளுக்குள் மட்டுமே அவை வேலை செய்யும். எப்படியானாலும் ‘என் போன், என் இஷ்டம்’ என்று விட்டுவிடலாம்தானே?

முழுக்க அப்படி இல்லை. கடிதக் காலத்தில் கையெழுத்து எழுதியவருடையது. அவசரமும் நடுக்கமும் அதிலேயே தெரியும். இன்று வாட்ஸ்அப்பில் நாம் அனுப்புவது எழுத்தின் வடிவத்தை அல்ல, அதற்குரிய யூனிகோட் எண்களை. உருவம் கொடுப்பது வாசிப்பவரின் போன். 1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, தும்பிக்கை வைத்த ‘லை’க்கும் இன்றைய ‘லை’க்கும் யூனிகோடில் வேறுபாடு கிடையாது. எதைக் காட்டுவது என்று எழுத்துருதான் முடிவு செய்கிறது.

இதில் தப்பு எதுவும் இல்லை. கண் மங்கிய தாத்தா எழுத்தைத் தடிமனாக்கிப் படிப்பது அவர் உரிமை. சிக்கல் ஸ்கிரீன்ஷாட்டில் தொடங்குகிறது.

இங்கே நம்மில் பலர் தமிழையே ரோமன் எழுத்தில், மலாயும் ஆங்கிலமும் கலந்து தட்டுகிறோம். அலங்கார எழுத்துருக்கள் அதில்தான் ஆட்டம் போடும். தோழி ஒருத்தி அழுதுகொண்டே தட்டிய நாலு வரி, பெறுபவரின் போனில் பலூன் மாதிரி உருண்டு தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை அப்படியே படம்பிடித்துக் குழுவில் போட்டால், பார்க்கிறவர்களுக்கு அவள் விளையாடுகிறாள் என்றே தோன்றலாம். ஒரு சொல்கூட மாறவில்லை. பொய் என்றும் சொல்ல முடியாது. ஆனாலும் அவள் போடாத சட்டையை மாட்டிவிட்டு அவளைச் சபையில் நிறுத்தியாயிற்று.

‘சொல்தானே முக்கியம், வடிவத்தில் என்ன இருக்கு?’ என்று கேட்கலாம். ஒன்றுமே இல்லையென்றால் நாம் ஏன் எழுத்துருவை மாற்றினோம்?

என் திரைக்குள் என் ரசனை செல்லும். திரையை விட்டு வெளியே போனால், அது அடுத்தவர் குரலின்மேல் நான் ஏற்றும் தொனி. பகிரத்தான் வேண்டுமென்றால் முதலில் அவளிடம் கேட்கலாம். சம்மதித்தால் படத்துக்குப் பதில் சொற்களை நகலெடுத்து ஒட்டலாம். என் அலங்காரம் இல்லாமல் அவை போய்ச் சேரும்.