நாலாவது நாற்காலி

1987 ஆகஸ்டில் பீட்டர் ஷிட்லோஃப் இறந்தார். அமடேயஸ் குவார்டெட்டின் வியோலாக் கலைஞர். மற்ற மூவரும் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். முப்பத்தொன்பது வருடங்கள் சேர்ந்து வாசித்தவர்கள். லண்டனில் நல்ல வியோலாக் கலைஞர்களுக்குப் பஞ்சமா என்ன? இருந்தும் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

இதைப் படிக்கும் யாருக்கும் முதலில் தோன்றுவது "என்ன ஒரு நட்பு!" என்பதுதான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நட்பு உண்மையும்கூட. நார்பெர்ட் பிரைனின், சீக்முண்ட் நிஸ்ஸெல், ஷிட்லோஃப் மூவரும் ஹிட்லரிடமிருந்து தப்பி வியன்னாவை விட்டு வந்த யூத இளைஞர்கள். அடைக்கலம் தந்த பிரிட்டன், போர் மூண்டதும் அவர்களை 'எதிரி நாட்டவர்' என்று முகாமில் அடைத்தது. பழக்கம் ஏற்பட்டது அந்த முகாம்களில். மூவரும் வயலின்காரர்கள். மூன்று வயலினை வைத்துக்கொண்டு குவார்டெட் அமைக்க முடியாது, யாராவது ஒருவர் வியோலாவுக்கு மாற வேண்டும். ஷிட்லோஃப் மாறினார். மார்ட்டின் லவெட் என்ற ஆங்கிலேயர் செல்லோவோடு வந்து சேர்ந்தார். 1948 ஜனவரியில் விக்மோர் ஹாலில் அமடேயஸ் என்ற பெயரில் முதல் கச்சேரி.

வியோலாக்காரர்களைப் பற்றி மேற்கத்திய இசையுலகில் ஜோக்குகளே ஒரு தனிக் கிளையாக வளர்ந்திருக்கின்றன. சபையில் இருப்பவர் காதில் கடைசியாக விழும் குரல் அதுதான். அப்படிப்பட்ட குரலுக்காக மொத்தக் கடையையும் மூடினார்கள்.

சரி, இதற்கு நேரெதிர் உதாரணம் புடாபெஸ்ட் குவார்டெட். 1917இல் ஓபரா இசைக்குழுவில் இருந்த மூன்று ஹங்கேரியர்களும் ஒரு டச்சுக்காரரும் தொடங்கியது. தொடங்கும்போதே சட்டதிட்டம் போட்டுக்கொண்டார்கள்: எந்தத் தகராறும் ஓட்டெடுப்பில் தீரும், சம்பளம் நால்வருக்கும் சமம், முதல் வயலினுக்கென்று கூடுதலாக எதுவும் கிடையாது, ஒத்திகைக்கு மனைவி, காதலி யாரும் வரக்கூடாது. (கடைசி விதி எந்த அனுபவத்தில் பிறந்ததோ!) பிறகு ஒவ்வொருவராக விலக, ஒவ்வொருவராக வந்தார்கள். 1936க்குப் பிறகு அதில் ஒரு ஹங்கேரியர்கூட இல்லை, நால்வரும் ரஷ்யப் பேரரசில் பிறந்தவர்கள். பெயர் மட்டும் புடாபெஸ்ட். அந்தப் பெயரோடு 1967 வரை வாசித்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் மகத்தான குவார்டெட்டுகளில் ஒன்று என்று அதைச் சொல்லத் தயங்குபவர்கள் குறைவு.

அப்போ யார் செய்தது சரி? ஒரு மனிதரின் இடத்தை இன்னொருவரால் நிரப்புவது அவருக்குச் செய்யும் துரோகமா, அல்லது அவர் பாடுபட்ட காரியத்துக்குக் காட்டும் விசுவாசமா?

இதற்குப் பதில் தேட, குவார்டெட் என்பது எதனால் ஆனது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். வியோலாவின் கீழ்த்தந்தி சி. அதிலிருந்து பஞ்சமம் பஞ்சமமாக ஏறினால் ஜி, டி, ஏ, அதற்கு மேல் வயலினின் மேல்தந்தி ஈ. சுத்த பஞ்சமம் என்றால் 3:2. நான்கு முறை பெருக்கினால் 81/16. ஆனால் அதே ஈ, வியோலாவின் சி-க்கு இனிமையான அந்தர காந்தாரமாக ஒலிக்க வேண்டும் என்றால் அது 80/16ஆக இருக்க வேண்டும். வித்தியாசம் 81க்கும் 80க்கும், அரை ஸ்வரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. காதுக்கு நன்றாகவே கேட்கும்.

இங்கே யாருமே தப்பாகச் சுருதி சேர்க்கவில்லை. ஒவ்வொரு தந்தியும் பக்கத்துத் தந்தியோடு கச்சிதமாக இருக்கிறது. தனித்தனியாக எல்லாரும் சரி, சேர்ந்தால் தப்பு. நம் கச்சேரியில் தம்பூரா இருக்கிறது, வழக்கை அது தீர்த்துவிடும். குவார்டெட்டில் தம்பூராவும் கிடையாது, கண்டக்டரும் கிடையாது. யாராவது விட்டுக்கொடுக்க வேண்டும். அதுவும் ஒரே ஆள் எப்போதும் அல்ல. இந்தக் கூட்டொலியில் காந்தாரமாக இருந்து கீழே இறங்கிய ஈ, அடுத்ததில் ஏ-க்குப் பஞ்சமமாக மாறி மேலே ஏறியாக வேண்டும். அச்சிட்ட இசைத்தாளில் வெறும் 'ஈ' என்றுதான் இருக்கும். அந்த மயிரிழையைப் பற்றி பீத்தோவன் எதுவும் எழுதி வைக்கவில்லை. குவார்டெட் படிக்கும் மாணவர்கள் ஒத்திகையில் மணிக்கணக்காக மல்லுக்கட்டுவது பெரும்பாலும் இதனோடுதான்.

ஆக, குவார்டெட் என்பது நான்கு ஆட்களும் அல்ல, பெயர்ப்பலகையும் அல்ல. யார் எங்கே எவ்வளவு இறங்குவார், யார் எங்கே காத்திருப்பார் என்ற, எங்கேயும் எழுதப்படாத ஆயிரக்கணக்கான ஏற்பாடுகள் அது. ஒருவர் போகும்போது ஏற்பாட்டில் கால்வாசி மட்டும் போவதில்லை. மற்ற மூவரின் விரல்களும் இல்லாத ஒருவருக்காக விட்டுக்கொடுத்தபடி இருக்கும்.

நான் இருக்கும் மென்பொருள் துறையில் இதற்குச் சுலபமான விடை உண்டு. "இவர் நாளைக்கு பஸ்ஸில் அடிபட்டால் வேலை நிற்குமா?" என்று மீட்டிங்கில் சம்பந்தப்பட்டவரை வைத்துக்கொண்டே கேட்போம். நிற்காது என்றால் நல்ல வடிவமைப்பு. குரூரமாகத் தோன்றினாலும் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒருவரையே நம்பியிருப்பது அந்த ஒருவருக்கும் சிறைதான், லீவுகூட எடுக்க முடியாது. ஆனால் அந்தக் கேள்வி வேலையைப் பற்றி மட்டும்தான் கேட்கிறது. வந்து உட்காரப்போகிறவரைப் பற்றிக் கேட்பதில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது அவர்தான். இறந்தவருக்குச் செய்யும் அநியாயத்தைப் பற்றியே பேசுகிறோம். புதிதாக வருபவரிடம் "அவர் எங்கே இறங்கினாரோ அங்கேயே நீயும் இறங்கு" என்று எதிர்பார்ப்பது அதைவிடப் பெரிய அநியாயம். ஓர் ஆவிக்கு உடம்பு வாடகைக்கு எடுப்பது போன்றது அது. புடாபெஸ்ட் இதைச் செய்யவில்லை. ஜோசப் ராய்ஸ்மன் 1927இல் உள்ளே வந்து, பிறகு முதல் வயலின் ஆனதும் அவர்கள் வாசிப்பே மாறியது. ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிச் செல்லும் பழைய பாணி மெலிந்தது. இருபதுகளின் இசைத்தட்டையும் நாற்பதுகளின் இசைத்தட்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறு வேறு குழுக்கள்தான். பழையவர்களும் மாறத் தயாராக இருந்தார்கள், அதனால் மாற்றம் அவமரியாதை ஆகவில்லை.

அமடேயஸ் மூவருக்கும் 1987இல் அறுபது வயது, அதற்கு மேல். இனி ஆரம்பத்திலிருந்து ஒருவரோடு மல்லுக்கட்ட முடியாது என்பது தெரிந்து ஒதுங்குவது, வருபவர் மேல் காட்டிய கருணை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். இதே இழப்பு 1950இல் நேர்ந்து, இருபதுகளில் இருந்த மூவரும் வாத்தியங்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தால் அதை மெச்சியிருக்க மாட்டேன்.

இந்த இரண்டு பக்கத்திலும் சேராத ஒன்று உண்டு. வியன்னாவின் அல்பன் பெர்க் குவார்டெட்டில் தாமஸ் ககுஷ்கா 2005இல் இறந்தார். மறுபடியும் வியோலா! அவரே 1981இல் ஹட்டோ பெயர்லேயின் இடத்துக்கு வந்தவர். அவருக்குப் பின் அந்த நாற்காலிக்கு வந்தவர் அவருடைய மாணவி இஸபெல் காரிசியுஸ். ஆசிரியரின் கை எங்கே இறங்கும் என்று நன்றாகத் தெரிந்தவர். அது வசதியா, பாரமா? ஆவியாக மாறும் ஆபத்து அவருக்குத்தானே அதிகம். மூன்று வருடம் வாசித்தார்கள். 2008இல் நிறுத்தினார்கள், நால்வருமாக.