பிள்ளை பெற ஏற்ற மாதம்

ஆடி பிறந்தால் புதுமணப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவது நம் வழக்கம். ஆடியில் கருத்தரித்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், அந்த வெயிலைத் தாயும் சேயும் தாங்க மாட்டார்கள் என்று பெரியவர்கள் காரணம் சொன்னார்கள். தமிழ்நாட்டு அரசு கலை, அறிவியல் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழ். ஆண்டில் பதினொரு மாதமே அவர்களுக்குச் சம்பளம். மே மாதம் கிடையாது. வேலைக்குப் பங்கம் வராமல், சம்பளமும் பிடிபடாமல் ஒருத்தி பிள்ளை பெற வேண்டுமானால் கத்திரி வெயிலில்தான் பெற வேண்டும். பெயரில் மட்டும் கௌரவம்.

2025 மே 23 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு மகப்பேறு விடுப்புப் பேச்சை மறுபடி கிளப்பியது. வழக்குத் தொடுத்தவர் தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியை. முதல் மணத்தில் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தந்தையிடம் இருக்கிறார்கள். மறுமணத்துக்குப் பின் பிறந்த குழந்தைக்கு அவர் விடுப்புக் கேட்டார். இரண்டு பிள்ளைக்கு மேல் விதியில் இடமில்லை என்று கல்வித்துறை கைவிரித்தது. உயர் நீதிமன்றத்தில் ஒரு முறை வென்று, மேல்முறையீட்டில் தோற்று, டெல்லி வரை போனார். மகப்பேறு விடுப்பு இனப்பெருக்க உரிமையின் பகுதி என்றும், மக்கள்தொகைக் கட்டுப்பாடு என்ற நோக்கத்தோடு அதை இணக்கமாகப் பார்க்க வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. நிரந்தர வேலையும் சர்வீஸ் புத்தகமும் உள்ளவருக்கே இத்தனை அலைச்சல் என்றால், ஆண்டுக்காண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் கல்லூரி ஆசிரியை எந்தக் கதவைத் தட்டுவார்?

இதில் முடிவு சொல்ல நெடுநேரம் யோசிக்க வேண்டியதில்லை. விடுப்பு, பிறக்கும் பிள்ளைக்குச் சமூகம் பட்ட கடன். தாயின் நியமன ஆணையில் என்ன எழுதியிருக்கிறது என்பது பிள்ளைக்குத் தெரியாது.

நம் முன்னோருக்கு இது புதிய செய்தியும் இல்லை. வள்ளுவர் இல்லறவியலில் வாழ்க்கைத் துணைநலத்தை அடுத்து மக்கட்பேற்றை வைத்தார். பாண்டிய மன்னனான அறிவுடை நம்பி, எல்லாச் செல்வமும் இருந்தும் சோற்றைத் துழாவிச் சிதறும் குழந்தை இல்லாத வாழ்நாளைப் பயனற்றது என்றான். புறநானூற்றின் 312ஆம் பாட்டில் பொன்முடியார் ஒரு கடமைப் பட்டியலே போடுகிறார். பெற்று வளர்ப்பது தாய்க்கு, சான்றோனாக்குவது தந்தைக்கு, வேல் வடித்துத் தருவது கொல்லனுக்கு, நல்வழிப்படுத்துவது வேந்தனுக்கு. பிள்ளை ஒருத்தியின் சொந்த விவகாரம், அரசுக்கு அதில் என்ன என்று கேட்பவர்கள் அந்த வேந்தன் பங்கை ஒரு தரம் படிக்க வேண்டும். மணிமேகலையில் தாய் விட்டுப்போன ஆபுத்திரனுக்கு ஏழு நாள் பால் சுரந்தது ஒரு பசு. திருவாரூரில் கன்றை இழந்த பசு மணியை அடித்தபோது, நீ எந்த வகைப் பணியாளர் என்று மனுநீதிச் சோழன் கேட்டதாகச் சிலம்பிலும் இல்லை, பெரியபுராணத்திலும் இல்லை.

நடுவு நிலைமைக்குத் தனி அதிகாரம் கண்ட மண்ணில், ஒரே துறையில், ஒரே பாடத்திட்டத்தை இரண்டு பெண்கள் நடத்துகிறார்கள். நிரந்தரப் பணியில் உள்ளவருக்கு 2021 ஜூலை 1 முதல் பன்னிரண்டு மாதம் சம்பளத்துடன் மகப்பேறு விடுப்பு. நல்ல காரியம், மனமாரப் பாராட்டலாம். பக்கத்து மேசைக்காரரான கௌரவ விரிவுரையாளர், தையல் பிரிந்துவிடுமோ என்ற பயத்தோடு மாடிப்படி ஏறி வருகிறார். மூன்றாம் ஹவர் முடிந்ததும் உடைந்த பெஞ்சுகள் அடுக்கிய ஸ்டோர் ரூமுக்குப் போகிறார். தாழ்ப்பாள் விழாத கதவு. வெளியே ஒரு தோழி காவல். கட்டிக்கொண்ட பாலைக் கர்ச்சீப்பில் பீய்ச்சிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுத்த வகுப்புக்கு ஓடுகிறார். அந்தப் பால் யாருடையது? மகளிர் தினத்தன்று கோலப்போட்டி வைத்து, தாய்மையே தெய்வம் என்று மைக்கில் முழங்கும் கல்லூரிகளிலும் நடப்பது இதுதான்.

மறுபக்கம் ஒன்று உண்டு. செமஸ்டருக்குத் தொண்ணூறு வேலை நாள். ஆள் இல்லையென்றால் போர்ஷன் முடியாது, பாடம் சக ஆசிரியர் தலையில் விழும். சுயநிதிக் கல்லூரி நடத்துகிறவர் இரட்டைச் சம்பளக் கணக்கைக் காட்டுவார். கணக்கில் பிழையில்லை. ஆனால் சுமையை யார் தூக்குவது என்பதற்கு 1928இலேயே பம்பாய் சட்டமன்றத்தில் அம்பேத்கர் விடை சொன்னார்: பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், ஆகவே செலவின் பெரும்பகுதியை அரசே ஏற்க வேண்டும். ஒப்பந்தம் குறுக்கே நிற்கிறது என்ற சாக்கும் செல்லாது. சாலை வேலைக்கு வந்த தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேற்றுப் பலன் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000இல் சொன்னது. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் பலன் தொடர வேண்டும் என்று 2023இல் ஒரு டெல்லி மருத்துவரின் வழக்கில் சொன்னது.

தந்தையர் கதை இன்னும் சின்னது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள் ஆண் ஆசிரியருக்குத் தருவது பதினைந்து நாள், அதுவும் இரண்டு பிள்ளை வரை. தொப்புள்கொடி விழுந்து, பெயர் வைத்து, பந்தல் பிரிப்பதற்குள் தீர்ந்துபோகும். திருச்சி மலைக்கோட்டையில் வீற்றிருப்பவர் யார்? காவிரியில் வெள்ளம் வந்து தாய் வந்து சேர முடியாத இரத்தினாவதிக்கு, அந்தத் தாயின் வடிவில் தானே வந்து பிரசவம் பார்த்த தாயுமானவர். சுகப்பிரசவம் வேண்டி இன்றும் அங்கே வாழைத்தார் கொண்டுபோகிறோம். ஈசன் செய்த வேலையை ஒரு உதவிப் பேராசிரியர் செய்தால் குறைந்துவிடுவாரா? தாய்க்கு மட்டும் நீண்ட விடுப்பும் தந்தைக்கு அரை மாதமும் என்று வைத்திருக்கும்வரை, நேர்முகத் தேர்வில் புதிதாகத் தாலி கட்டிய பெண்ணைப் பார்த்து நிர்வாகம் முகம் சுளிப்பதும் நிற்காது.

பிரசவமான ஆறு வாரத்துக்குள் ஒரு பெண்ணை, தெரிந்தே வேலை வாங்கக் கூடாது. 1961இலேயே மகப்பேறு நலச் சட்டத்தில் எழுதிவைத்த விதி இது. அவள் விரும்பினாலும் கூடாது என்பதே அதன் பொருள். நாற்பத்திரண்டு நாள் ஆகும் முன்பே வகுப்பில் நின்றவர்கள் எத்தனை பேர் என்று அறியக் குழு எதுவும் போட வேண்டாம். குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதி இருக்கிறது. கல்லூரி வருகைப் பதிவேட்டில் தாயின் கையெழுத்துக்கு எதிரே இன்னொரு தேதி இருக்கிறது.