உடலைப் பேணுதல் ஓர் ஒழுக்கமா?

சலரோகக் கிளினிக்கில் இரத்தம் பரிசோதித்த மறுநாட் காலையில் எழுந்து நடக்காதவர் எம்மிடையே குறைவு. வைத்தியர் கண்டித்துச் சொல்லியிருக்கிறார். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் தொலைபேசியில் அழுதிருக்கிறார்கள். புதுச் சப்பாத்தும் வாங்கியாயிற்று. முதற் கிழமை ஐந்து மணிக்கே படலை திறக்கிறது. இரண்டாம் கிழமை மழை. மூன்றாம் கிழமை ஒரு கலியாண வீடு. ஐந்தாம் கிழமையில் சப்பாத்து கட்டிலின் கீழே கிடக்கிறது. அதை எடுத்துப் பார்க்கவும் மனிதருக்கு வெட்கமாயிருக்கிறது.

இந்த வெட்கத்தைப் பற்றிச் சற்றுப் பேச எண்ணுகிறோம். நடப்பதன் நன்மைகளை வைத்தியர்கள் வேண்டிய மட்டும் சொல்லிவிட்டார்கள். வளர்ந்த ஒருவர் கிழமையொன்றுக்கு 150 நிமிடமாவது, சற்று மூச்சு வாங்கும் அளவுக்கு, உடலை இயக்க வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலிற் கூறுகிறது. நாளொன்றுக்குப் பங்கிட்டால் 22 நிமிடமும் ஆகாது. பூசை முடிந்து கோவில் வாசலில் நின்று கதைக்கும் நேரம் பலருக்கு அதைவிட அதிகம். (நேரமே இல்லாதவர்களும் உளர், அவர்களைப் பற்றிப் பின்னர் சொல்வோம்.) நன்மையென்று அறிந்தும், விரும்பியும், தொடங்கியும், மனிதன் ஏன் தொடர முடியாதவனாகிறான்? இக்கேள்வி மருத்துவத்தை விட ஒழுக்கவியலுக்கே உரியது. அதன் வயதும் ஈராயிரம் ஆண்டுக்கு மேல்.

எம்மவர் இதற்குச் சொல்லும் விடை ஒன்றே: "மன உறுதி காணாது." மனைவி சொல்கிறாள், அயலவர் சொல்கிறார், அவரும் தன்னைப் பற்றி அதையே சொல்லிக்கொள்கிறார். ஆகவே அடுத்த முறை இன்னும் பெரிய பிரதிக்கினை செய்கிறார். நாளை முதல் சோறில்லை, சீனியில்லை, காலையும் மாலையும் இரண்டு மணித்தியால நடை. தபசு காலத்தின் முதல் நாளிலும், புது வருடத்தின் முதல் நாளிலும் இவ்வகைப் பிரதிக்கினைகள் பெருகுகின்றன. பிரதிக்கினை பெருக்கப் பெருக்க அதன் ஆயுள் குறுகுவதைக் கவனித்திருப்பீர்கள்.

கிரேக்க ஞானி அரிஸ்டோட்டில் தமது நிக்கோமாக்கிய ஒழுக்கநூலில் இரு வகை மனிதரைப் பிரித்துக் காட்டுகிறார். எம்முடைய பந்தியிலேயே அவ்விருவரையும் இருத்திப் பார்க்கலாம். பலகாரத் தட்டு வருகிறது. இருவரும் வேண்டாமென்கிறார்கள். ஒருவர் உள்ளே பெரும் போர் நடத்தி, ஆசையை அடக்கி, வென்று வேண்டாமென்கிறார். மற்றவருக்குப் போரே இல்லை. போதுமென்று தோன்றியதால் வேண்டாமென்கிறார். நாங்கள் முதலாமவரையே வீரரெனப் போற்றுவோம். அரிஸ்டோட்டிலோ இரண்டாமவரை மேலே வைக்கிறார். முதலாமவரிடம் இருப்பது தன்னடக்கம். இரண்டாமவரிடம் இருப்பதே மட்டுத்திட்டம் என்னும் புண்ணியம்.

இது முதலில் அநியாயமாகத் தோன்றும். பாடுபட்டு வென்றவனுக்கல்லவா பெருமை? ஆனால் தினமும் போர் செய்து வாழ்பவர் தினமும் வெல்ல வேண்டியிருக்கிறது. மகன் சோதனையில் சித்தியடையாத நாளில், கடன்காரன் வந்து போன மாலையில், நித்திரையில்லாத இரவின் மறுநாளில் அவர் தோற்பார். மனவுறுதி சேனையைப் போன்றது. வேண்டிய நேரத்தில் அழைக்கலாம், ஆண்டு முழுதும் சோறு போட்டு நிறுத்தி வைக்க எந்த அரசனாலும் இயலாது. தொடங்குவதற்கு அது வேண்டும். பத்து ஆண்டு தொடர்வதற்கு அதையே நம்புபவர் ஏமாறுகிறார்.

அப்படியாயின் முதலாமவர் இரண்டாமவராவது எப்படி? வீடு கட்டிக் கட்டியே ஒருவன் கொத்தனாகிறான், யாழ் மீட்டி மீட்டியே ஒருவன் வாத்தியகாரனாகிறான் என்பது அந்நூலின் விடை. இதனை மேலும் நுட்பமாக ஆராய்ந்தவர் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமஸ் அக்குவினாஸ். நற்பழக்கமானது ஒவ்வொரு செயலாலும் வளருகிறதா என்று தமது இறையியற் தொகுப்பில் அவர் கேட்கிறார். இல்லையென்பதே அவர் முடிவு. உண்ணும் ஒவ்வொரு கவளத்தினாலும் உடல் வளர்வதைக் காண முடியாது. விழும் ஒவ்வொரு துளியினாலும் கல் குழிவதில்லை. ஆயினும் கவளங்கள் பலவாகும்போது ஒரு கட்டத்தில் உடல் வளர்ந்திருக்கிறது. கவளத்தை எண்ணி வளர்ச்சியை அளப்பவன் ஏமாற்றமடைவான்.

மூன்றாம் கிழமையில் தராசில் ஏறி நின்று, "ஒரு கிலோவும் குறையவில்லை" என்று சப்பாத்தைக் கழற்றுபவர் கவளத்தை அளந்தவரே. சென்னையில் வைத்திய நிபுணர் அ. இராமச்சந்திரன் குழுவினர் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வொன்றை இங்கு சொல்ல வேண்டும். சலரோகத்தின் வாசலில் நின்ற 531 பேரை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வழமையான அறிவுரை மட்டும் பெற்றவர்களில், ஏறக்குறைய மூன்று ஆண்டுக்குள், 100க்கு 55 பேர் சலரோகிகளாயினர். உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்தும்படி தொடர்ந்து வழிநடத்தப்பட்டவர்களில் 100க்கு 39 பேரே அவ்வாறாயினர். மாத்திரை கொடுக்கப்பட்ட குழுவினரும் ஏறக்குறைய இதே நன்மையையே பெற்றனர். கவனிக்க வேண்டியது என்னவெனில், நடந்து பயன்பெற்றவர்களின் உடல் நிறை சொல்லத்தக்க அளவு குறையவில்லை. தராசு ஒன்றும் காட்டாதபோதும் உள்ளே பெரிய காரியம் நடந்திருக்கிறது.

எம்முடைய மொழியில் அப்பியாசம் என்ற சொல்லுக்குள் இவ்வுண்மை அடங்கியிருக்கிறது. உடலுக்குச் செய்வது தேகாப்பியாசம். பள்ளிப்பிள்ளை எழுதுவது அப்பியாசக் கொப்பி. லொயோலா இஞ்ஞாசியாரும் தம் ஞான அப்பியாசங்களை விளக்கும்போது, நடப்பதும் ஓடுவதும் உடலுக்கு எவ்வாறோ அவ்வாறே இவை ஆன்மாவுக்கு என்று தொடங்குகிறார். அப்பியாசக் கொப்பியில் ஒரு பக்கத்தில் மை கொட்டிவிட்டது என்பதற்காகப் பள்ளிக்கூடத்தை விட்டே விலகிய பிள்ளையை நாம் கண்டதில்லை. வளர்ந்தவர்களோ அதைத்தான் செய்கிறார்கள்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரைக் கொண்டு நடத்தி, 2010இல் வெளிவந்த ஆய்வொன்று இதற்குச் சான்று தருகிறது. ஒவ்வொருவரும் ஒரு சிறு செயலைத் தெரிந்து, நாளின் ஒரே வேளையோடு, உதாரணமாகக் காலையுணவுக்குப் பின், அதனைச் செய்து வரவேண்டும். யோசியாமலே கைவரும் பழக்கமாக அது மாறச் சென்ற காலம் ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 நாள் என்றெல்லாம் வேறுபட்டது. நடுத்தரமாக 66 நாள். இருபத்தொரு நாளிற் பழக்கம் அமையும் என்று ஊரெல்லாம் சொல்வது பொருந்தவில்லை. அவ்வாய்வில் கண்ட இன்னொன்று, இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைச் சொல்லத்தக்க அளவு பாதிக்கவில்லை என்பதாகும்.

ஒரு நாட் தவறால் வராத தீங்கு, அத்தவறை நாம் எடுத்துக்கொள்ளும் விதத்தால் வருகிறது. "ஒரு நாள் விட்டாயிற்று, இனி எல்லாம் போயிற்று" என்று சொல்பவரைப் பலவீனர் என்று நினைக்கிறோம். உண்மையில் அங்கே பேசுவது பெரும்பாலும் ஒரு மறைவான அகங்காரம். "நான் தவறாதவன்" என்ற சித்திரம் உடைந்துவிட்டது. உடைந்ததைக் கையிலெடுக்க அவருக்கு மனமில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்திருக்கும் குருக்களுக்கு இது பழகிய குரல். அதே குற்றத்தை மறுபடியும் சொல்ல வெட்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் வராதிருப்பவர், விழுந்ததனால் தூரப் போனவரல்லர். எழுவதற்கு நாணியதனால் தூரப் போனவர்.

ஆயினும் ஒரு நாள் வேறு, ஒரு மாதம் வேறு. செயல் நின்றால் பழக்கம் தேயும் என்பதையும் அக்குவினாஸ் சொல்லத் தவறவில்லை. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் 86 வயதுக்கும் 96 வயதுக்கும் இடைப்பட்ட பத்து முதியோருக்குப் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்து, 1990இல் அதன் விளைவை வெளியிட்டார்கள். பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் கால் வலிமை எட்டே கிழமைகளில் சராசரியாக இரண்டரை மடங்குக்கு மேலாயிற்று. தொண்ணூறு வயதிலும் உடல் கற்றுக்கொள்கிறது! பயிற்சியை நிறுத்தி நான்கு கிழமை சென்று பார்த்தபோது, பெற்ற வலிமையில் ஏறக்குறைய மூன்றிலொன்று போயிருந்தது.

இனி ஒரு கடினமான கேள்வி. உடலைப் பேணுவது புண்ணியமென்றால், நோயாளி குற்றவாளியா? எமது வீடுகளில் இக்கேள்வி கத்தி போலப் பாய்கிறது. கால் எடுக்கப்பட்ட தகப்பனின் கட்டிலருகே நின்று, "சொல்லக் கேட்டிருந்தால் இப்படி வந்திராது" என்று சொல்லும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறோம். பிறவியில் அல்லது நோயினாற் பார்வையிழந்தவனை எவரும் கடிந்துகொள்வதில்லை, இரங்குகிறார்கள் என்று அரிஸ்டோட்டிலே கூறுகிறார். ஆனால் வைத்தியர் சொற் கேளாமல் நோயைத் தேடிக்கொண்டவனைப் பற்றி, எறிந்த கல்லை மீட்க முடியாதது போல, எறியுமுன் அது அவன் கையிலிருந்தது என்கிறார். இவ்வுவமையில் எமக்கு முழு உடன்பாடில்லை. கல்லுக்கு அடுத்த அடி கிடையாது, மனிதனுக்கு உண்டு. மேலும், எந்த நோய் எறிந்த கல், எந்த நோய் பெற்றோர் வழி வந்தது, எது யுத்த காலத்துப் பட்டினியும் பயமும் விட்டுச் சென்றது என்று வெளியில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? சிறு வயதிலேயே இன்சுலின் ஏற்றும் குழந்தை எந்தக் கல்லை எறிந்தது? பிறவியிலேயே பார்வையற்றவனைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீடர் கேட்டபோது, இயேசு அக்கேள்வியையே ஏற்கவில்லை. பேணுதல் எமது கடமை. சுகம் எமது உரிமைச் சொத்தல்ல. 2009இல் முடிந்த யுத்தத்தில் கால் இழந்து, நாற்காலியிலிருந்தபடியே கைகளை அசைத்துப் பயிற்சி செய்யும் ஒருவரிடம், ஓடித் திரியும் வாலிபனிடம் இல்லாத அப்புண்ணியம் நிறைவாக இருக்கலாம்.

அளவும் எல்லாருக்கும் ஒன்றாகாது. மைலோ என்ற புகழ்பெற்ற மல்லனுக்குப் போதாத உணவு, பயிற்சி தொடங்குபவனுக்கு மிகையாகும் என்பது அரிஸ்டோட்டிலின் உதாரணம். நாள் முழுதும் தோட்டத்தில் வெங்காயம் கிண்டியவளுக்கு மாலையில் நடைப்பயிற்சி சொல்வது அறியாமை. அவளுக்கு வேண்டியது இருக்கையும் நித்திரையும். துக்கத்துக்கு மருந்தாக நித்திரையையும் நீராடலையும் சொல்ல அக்குவினாஸ் போன்ற மேதையே வெட்கப்படவில்லை.

நேரமில்லாதவர்களைப் பற்றிச் சொல்வதாகக் கூறினோம். ஐயா காலை ஐந்து மணிக்கு நடக்கப் போகிறார், நல்லது. அந்நேரம் அம்மா எங்கே நிற்கிறாள்? இடியப்ப உரலோடு அடுப்படியில். அவளுக்கும் பிரஷர் இருக்கிறது, அவளுக்கும் கிளினிக் துண்டு இருக்கிறது. ஐயாவின் பழக்கம் அம்மாவின் நேரத்தில் நடக்கிறது. அவள் ஒரு நாள் வீதியில் இறங்கினாலோ, "இந்த வயதில் இவவுக்கு என்ன நடை" என்று கேட்கச் சந்தியில் நாலு பேர். எமது பங்குகளில் இப்பேச்சு இன்னும் ஒழியவில்லை.

1953இல் இலண்டன் வைத்தியர் ஜெரி மொறிஸ் வெளியிட்ட ஆராய்ச்சி உலகப் பிரசித்தமானது. இரட்டைத் தட்டு பஸ்களில் இருந்தபடியே ஓட்டும் சாரதிகளை விட, நாள் முழுதும் படியேறி இறங்கும் நடத்துநர்களுக்கு இருதய நோய் குறைவாயிருந்தது. (சாரதிகள் வேலைக்குச் சேரும்போதே சற்றுப் பருத்தவர்கள் என்பதை அவர்களின் சீருடை அளவிலிருந்து அக்குழுவினரே பின்னர் கண்டுபிடித்துச் சொன்னார்கள், அந்த நேர்மையும் மெச்சத்தக்கது.) அந்நடத்துநர்களில் எவரும் பிரதிக்கினை செய்யவில்லை. அவர்களுடைய நாளே அப்படி அமைந்திருந்தது. துலா மிதித்து இறைத்த எமது முன்னோருக்கும், சைக்கிளில் சந்தைக்குப் போனவர்களுக்கும் அப்படியே. இன்று மோட்டார் இறைக்கிறது, மோட்டார் சைக்கிள் போகிறது. நாள் தானாகத் தந்ததை இனி நாமே நாளுக்குள் வைக்க வேண்டியிருக்கிறது. அந்த நாளோ தனி மனிதனுடையதன்று, வீட்டினுடையது.

எனவே பழக்கத்தை வீட்டுக்குள் கொண்டுவருவோர் நிலைக்கிறார்கள். தகப்பனுக்கு மட்டும் குரக்கன் பிட்டு, மற்றவர்களுக்கு வெள்ளை மாப் பிட்டு என்று இரண்டு நீத்துப்பெட்டி வைக்கும் வீட்டில் அது மூன்று மாதத்தைத் தாண்டுவதில்லை. எல்லாருக்கும் ஒரே பிட்டு என்றால் தாண்டுகிறது. தேத்தண்ணீரில் சீனியை ஒரேயடியாக நிறுத்தாமல், மாதத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்த வீடுகளும் உண்டு. அங்கே பிள்ளைகளின் நாக்கும் மாறியிருக்கிறது. கிழமையில் மூன்று நாள் ஐயா இடியப்பம் பிழிந்தால் அம்மா நடக்கலாம். அல்லது மாலையில் செபமாலைக்கு முன் இருவரும் சேர்ந்தே கோவில் மட்டும் போய் வரலாம். வீதியிலுள்ளவர்கள் இரண்டு நாள் பார்ப்பார்கள், மூன்றாம் நாள் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள்.

பெருநாள் வரும். அன்று வீட்டில் பலகாரம் இருக்கும், உறவினர் வருவார்கள், நடையும் தவறும். அன்று சந்தோஷமாகச் சாப்பிடுங்கள். மறுநாட் காலை சப்பாத்து வாசலிலேயே இருக்கட்டும்.