ஆப்த வாக்கியமும் ஐயமும்

பொன்னும் வெள்ளியுமாகக் கைமாறிய காலத்தில் கனமும் ஓசையும் கொண்டிருந்த செல்வம், இன்று மத்திய வங்கிகளின் கணினிகளில் வெறும் இலக்கமாக நிற்கிறது. ஒரு கணக்கில் கழித்து இன்னொன்றில் கூட்டும்படி பிறக்கும் கட்டளை வாக்கியம் ஒன்றே அதை இடம் பெயர்க்கப் போதுமானதாகிவிட்டபடியால், மின்னணுப் பணத்தின் பாதுகாப்பைப் பற்றிய கேள்வி, யாருடைய சொல்லைப் பிரமாணமாகக் கொள்வது என்று தர்க்க சாஸ்திரிகள் நெடுங்காலம் விசாரித்து வந்த கேள்வியோடு ஒன்றாகிவிடுகிறது.

கௌதமரின் நியாய சூத்திரம் பிரத்தியட்சம், அனுமானம், உபமானம் என்ற மூன்றோடு சப்தம் என்னும் சொல்லையும் பிரமாணமாக ஏற்கிறது. ஆயினும், பொருளை உள்ளபடி அறிந்து, அறிந்தவாறே உரைக்க விரும்புகிற ஆப்தனுடைய சொல்லுக்கு மட்டுமே அந்தத் தகுதி உண்டென்பது நியாய நெறியினரான நையாயிகர் துணிபு.

ஆப்தன் அல்லாதவனின் சொல் பிரமாணமாக ஏற்கப்பட்டதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2016 பிப்ரவரி 4ஆம் தேதி இரவு, வங்காள தேச மத்திய வங்கியின் கணினிகளுக்குள் முன்னமே புகுந்திருந்த திருடர்கள், வங்கிகள் தம்முள் செய்தி பரிமாறிக்கொள்ளும் ஸ்விஃப்ட் அமைப்பின் வழியே, நியூயார்க் பெடரல் ரிசர்வ் வங்கிக்கு 35 கட்டளைகளை அனுப்பினர். கேட்ட தொகை ஏறத்தாழ 95 கோடி டாலர். ஆடை தைப்போரும் அயல்நாடு சென்று உழைப்போரும் வியர்வை சிந்தி ஈட்டித் தந்த அந்நியச் செலாவணி அது. கட்டளைகள் தாங்கிய வங்கியின் முத்திரை மெய்யாயிருக்க, சொன்னவன் பொய்யனாயிருந்தான். மறுநாள் வெள்ளிக்கிழமை டாக்காவில் வார விடுமுறை. பரிவர்த்தனைகளைத் தாளில் பதித்துக் காட்டவேண்டிய அச்சு இயந்திரமோ முடக்கப்பட்டுக் கிடந்தது. 5 கட்டளைகள் நிறைவேறின. மணிலாவில் போலிப் பெயர்களில் காத்திருந்த கணக்குகளுக்குச் சென்ற 8 கோடியே 10 லட்சம் டாலரில் பெரும் பகுதி சூதாட்ட விடுதிகளுக்குள் புகுந்து மறைந்தது.

இலங்கையிலிருந்த ஒரு நிறுவனத்தின் பெயருக்குப் புறப்பட்ட 2 கோடி டாலர் மட்டும் தப்பியது. ‘ஃபவுண்டேஷன்’ என்றிருக்க வேண்டிய இடத்தில் ‘ஃபண்டேஷன்’ என்றிருந்ததை இடைவழி வங்கியொன்றில் கவனித்தவர்கள், அவசரப்படாமல் விளக்கம் கேட்டார்கள், பணம் திரும்பிற்று. எஞ்சிய 30 கட்டளைகளும் நியூயார்க்கிலேயே நிறுத்தப்பட்டன.

முத்திரையைச் சோதிக்க வல்ல இயந்திரத்துக்கு, அதன் பின்னே நிற்பவன் ஆப்தனா என்று விசாரிக்கும் சக்தி இல்லை. அப்படியானால் எல்லாச் சொல்லையும் சந்தேகிப்பதா என்று கேட்கலாம். அவ்விதம் செய்யின் வியாபாரமும் நடவாது, குடும்பமும் நடவாது; எவரையும் நம்பாத மனம் தன்னையே அரித்துக்கொள்ளும். ஆனால் நையாயிகர் தம் பதினாறு பதார்த்தங்களுள் சம்சயத்தையும் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். நிர்ணயத்தை நாடி எழுகிற ஐயம் சிரத்தைக்குப் பகையாவதில்லை. வேலி பயிருக்குப் பகையாகாதது போல, அது நம்பிக்கையைக் காத்து நிற்கிறது.

அந்தத் திருட்டின் பின் மார்ச் மாதத்தில் வங்காள தேச மத்திய வங்கியின் ஆளுநர் அதியுர் ரஹ்மான் பதவி விலகினார். பொறுப்பேற்று முன்வந்து நிற்பது மனிதனால் மட்டுமே ஆகும் காரியம். இயந்திரத்திடம் அதை எதிர்பார்க்க இயலாது. ஆகையால் கணத்தில் கடல் கடக்கும் பணத்துக்கு வழி சமைக்கும் மத்திய வங்கிகள், சாவிகளை எத்தனை நுட்பமாக வேண்டுமானாலும் இயற்றட்டும். ஆயினும் ஓர் எழுத்துப் பிழையின் முன் நின்று கேள்வி கேட்கும் ஊழியனுக்கு அதற்குரிய அவகாசத்தையும் அதிகாரத்தையும் அளிப்பதையே தம் முதல் தர்மமாகக் கொள்ள வேண்டும்.