வாசகர் வாராத நாள்

தானத்தைப் பற்றி நம் நாட்டுப் பெரியோர் விசாரித்திருப்பவை ஏராளம். எதைக் கொடுப்பது, எவருக்குக் கொடுப்பது, எந்தக் காலத்தில் எந்த மனநிலையோடு கொடுப்பது என்பனவெல்லாம் தர்ம சாஸ்திரங்களிலும் நீதி நூல்களிலும் விரிவாகப் பேசப்பட்டிருக்கின்றன. ஆனால், கொடுக்க வேண்டிய பொருள் அலமாரி நிறைய இருக்க, கொடுக்கும் மனமும் குறைவின்றி இருக்க, வாங்குவோர் ஒருவரேனும் வாசற்படி மிதிக்காமலே பொழுது சாய்ந்துவிடுமானால், கொடுப்பதற்கென்றே அங்கு அமர்த்தப்பட்டவர் அன்று செய்தது என்ன, அது தர்மத்தில் சேருமா சேராதா என்ற கேள்வி அரிதாகவே எழுப்பப்படுகிறது. ஏட்டில் அரிதான இக்கேள்வி, மலைப்பகுதியில் பணிபுரியும் ஊர்ப்புற நூலகர் ஒருவருக்கு மழைக்காலத்தில் அடிக்கடி நேரிடக்கூடியது.

கவுஞ்சியை அறிந்தவர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. கொடைக்கானலிலிருந்து பூம்பாறையையும் மன்னவனூரையும் கடந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் வந்தால்தான் இவ்வூர். மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டித் திருத்திய நிலங்களில் உருளைக்கிழங்கும் கேரட்டும் பீன்ஸும், 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டும் இப்பக்கத்து ஊர்களில் விளைகின்றன. பூண்டுக்குக் களை எடுப்பவளுக்கும் கிழங்கு மூட்டை சுமப்பவனுக்கும் பகலில் ஒழிவு என்பது கிடையாது. ஐப்பசியும் கார்த்திகையும் வந்துவிட்டாலோ, எதிர்வீட்டுத் திண்ணை தெரியாதபடி மூடுபனி இறங்கிவிடும். பள்ளிப் பிள்ளைகள் மணி அடித்ததும் இருட்டுமுன் வீடு சேரவே விரைவார்கள். அலுவலக நேரத்துக்குத் திறந்து அலுவலக நேரத்துக்கு மூடும் எந்த நிலையமும், இத்தகைய ஊரில், மக்கள் காட்டில் இருக்கும்போது விழித்திருந்து, அவர்கள் வீடு திரும்பும்போது பூட்டிக்கொள்ளத்தான் செய்யும். மலைவாசிகளுக்குப் படிப்பில் சிரத்தை இல்லை என்று சமவெளியிலிருந்து வருவோர் சிலர் எளிதாகச் சொல்லிவிட்டுப் போகும் தீர்ப்பை நான் ஒருகாலும் ஒப்பமாட்டேன். சிரத்தை இல்லாமையும் நேரம் இல்லாமையும் வெவ்வேறு.

அப்படிப்பட்ட நாளிலும் நூலகருக்கு வேலை இல்லாமற் போவதில்லை. கதவைத் திறந்து பெருக்க வேண்டும். பேருந்தோடு வந்து சேரும் நாளிதழ்களுக்கு முத்திரையிட்டு மேசைமேல் பரப்ப வேண்டும். முந்தின நாள் எவரோ எடுத்துப் பார்த்து இடம் மாற்றிச் சொருகிவிட்டுப் போன புத்தகத்தை அதன் வரிசை எண்ணைப் பார்த்து உரிய அடுக்கில் சேர்க்க வேண்டும். ஈரக் காற்றில் அட்டைகளின்மேல் பூஞ்சணம் படரும். அதனை உலர்ந்த துணியால் ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். இராமபாணப் பூச்சி ஏறிய நூலைத் தனியே பிரித்து வைக்க வேண்டும். முதுகு கழன்றதற்குப் பசையிட வேண்டும். போட்டித் தேர்வு எழுதப்போகும் ஒரு பெண் சென்ற வாரம் கேட்டுக் கிடைக்காமல் போன நூல் மாவட்ட மைய நூலகத்திலாவது இருக்கிறதா என்று எழுதிக் கேட்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பின், வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி அமர்ந்திருக்க வேண்டும். உடலுக்குச் சிரமம் தருவன முதலில் சொன்னவை. உள்ளத்தைச் சோதிப்பது கடைசியில் சொன்ன அந்த ஒன்றே.

இச்சேவையைத் தானம் என்று சொல்லலாமா? வித்தியாதானமே தானங்களுள் சிறந்தது என்று மேடைகளில் வழக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் தானத்துக்கு இலக்கணம் வகுத்த மீமாம்சகர்களும் தர்ம சாஸ்திரக்காரர்களும், ஒரு பொருளின்மேல் தனக்குள்ள உடைமையை நீக்கி, அவ்வுடைமையைப் பெறுபவனிடத்தில் உண்டாக்குவதே தானம் என்று வரையறுத்தார்கள். நூலகரோ தமக்கு உடைமையல்லாத பொருளைக் கொடுக்கிறார். வாங்குபவரும் அதற்கு உடையவராகிவிடுவதில்லை. குறித்த நாளுக்குள் திருப்பித்தர வேண்டியவராகவே இருக்கிறார். தமது என்பதும் இல்லை, அவரது என்பதும் இல்லை. ஆகவே, இரவல் கொடுக்கும் இத்தொழில் சாஸ்திரப்படி தானமாகாது. வாங்குவோர் வாராத நாளிலோ கொடுத்தல் என்ற செயலே நிகழ்வதில்லை. அன்று அதற்குத் தானம் என்ற பெயர் உபசாரத்துக்குக்கூடப் பொருந்தாது.

தானமல்ல என்றால், இதற்கு மிக அணுக்கமாக நிற்பது சைவ சித்தாந்திகள் சரியை என்று கூறிய மார்க்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கனுள் முதலாவதாகிய அது, திருக்கோயிலை அலகிடுதல், மெழுகுதல், மலர் கொய்தல், விளக்கேற்றுதல் ஆகிய எளிய தொண்டுகளையே தன் உடலாகக் கொண்டது. நாவுக்கரசர் கையில் உழவாரம் பிடித்துச் செய்துகாட்டியது. சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில், கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிவதற்கு 96 ஆடுகளை விட்ட நிவந்தம் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. அந்த ஆடுகளிலிருந்து கிடைக்கும் நெய்யைக் கொண்டு இரவும் பகலும் அணையாமல் விளக்கெரிக்க வேண்டும். அடியார் கூட்டம் நிறைந்த திருநாளுக்கென்று ஒரு சுடரும், ஒருவரும் எட்டிப்பாராத அடைமழை இரவுக்கென்று வேறொரு சுடரும் அந்த நிவந்தத்தில் இல்லை. நூலகத்துக்கும் ஒரு நிவந்தம் உண்டு. 1948இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டம், ஊரார் செலுத்தும் சொத்துவரியோடு நூலக வரி என்று ஒரு பகுதியைச் சேர்த்து வாங்க வழி செய்தது. இன்று அது நூறு ரூபாய்க்கு 10 ரூபாய் வீதம் தண்டப்படுகிறது. தன் வாழ்நாளில் ஒரு புத்தகத்தையும் புரட்டாத கிழவரும், எழுத்தறியாத கைம்பெண்ணும் தங்கள் கூரைக்குச் செலுத்தும் வரியில் ஒரு கூறு நூலகத்துக்குச் செல்கிறது. யார் வருவார் என்று கேளாமல் அவர்கள் செலுத்திய பொருளுக்கு, யார் வந்தார் என்று கேளாமல் கதவைத் திறந்துவைப்பதே ஈடு.

இந்த அளவில் கேள்வி தீர்ந்துவிட்டதாகக் கொண்டு மனம் ஆறிவிடலாம். பலர் ஆறியும் விடுகிறார்கள். கடமையைச் செய், பலனைக் கருதாதே என்ற கீதையின் உபதேசத்தை இவ்விடத்தில் துணைக்கழைப்பதும் சுலபம். என் மனம் அதற்கு உடன்படவில்லை. கருவறையில் எழுந்தருளியிருக்கும் மூர்த்திக்கு அடியார் வந்தாலும் வாராவிட்டாலும் குறைவொன்றும் நேர்வதில்லை. ஏடோ படிப்பவர் இன்றிப் பூரணம் பெறாதது. தில்லையில் மூவர் தேவார ஏடுகள் ஓர் அறையில் பூட்டிக் கிடந்ததும், பாடிய மூவரே வந்தாலன்றித் திறவோம் என்று காவலர் கூறியதும், மன்னன் அம்மூவர் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து அறையைத் திறப்பித்தபோது ஏடுகளைப் புற்று மூடிக் கரையான் அரித்திருந்ததும் திருமுறை கண்ட புராணத்தில் கூறப்படுகின்றன. இக்காலத்துக்கு வேண்டியவற்றை மட்டும் வைத்தோம் என்று அசரீரி எழுந்து ஆறுதல் கூறியதாகவும் அவ்வரலாறு சொல்லும். அடியார்கள் அவ்வாக்கில் அமைதி பெற்றார்கள். நானும் அதனை அவமதியேன். ஆயினும், அந்த அறையைக் காத்து நின்றவர்கள் பக்தியில் குறைந்தவர்கள் அல்லர் என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. அவர்களுடைய காவலில் பொய் இல்லை. திறத்தல் இல்லை என்பதே குறை. பலனில் பற்றறுப்பது ஒன்று. பெறுவோனையே மறந்துவிடுவது வேறொன்று. முன்னது யோகம். பின்னது யோகத்தின் வேடம் பூண்டு வரும் அசிரத்தை.

பெறுவோன் இல்லாத கொடையாளியின் வேதனையை மணிமேகலைக் காப்பியத்தைப் போல் ஆழ்ந்து நோக்கிய நூல் வேறொன்று தமிழில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆபுத்திரன் மதுரையில் பிச்சை ஏற்று, குருடர்க்கும் முடவர்க்கும் ஆதரவற்றோர்க்கும் முதலில் ஊட்டி, மிஞ்சியதை உண்டு வாழ்ந்தான். ஒரு நாள் மழைக்காலத்து நள்ளிருளில் பசியோடு சிலர் வந்து அவனை எழுப்ப, கொடுக்க ஒன்றுமின்றி அவன் துடித்தபோது, சிந்தாதேவி தோன்றித் தன் கையிலிருந்த அமுதசுரபியை அவனுக்கு அளித்தாள். அவள் கலைமகள்; அவள் கோயில் கலைநியமம். சோற்றுப் பாத்திரம் அன்னபூரணியிடமிருந்து வாராமல் வித்தையின் தெய்வத்திடமிருந்து வந்ததாகச் சாத்தனார் பாடியிருப்பதை நான் தற்செயலாகக் கருதவில்லை. அப்பாத்திரம் ஆபுத்திரன் உடைமையன்று; எடுக்கக் குறையாதது; ஏற்பவர் குலமும் சமயமும் வினவாதது. நூல்நிலையத்துக்கு இதைவிட நெருங்கிய முன்னோடியைப் புராணங்களில் தேடிக் காண்பது அரிது.

பிறகு நேர்ந்ததுதான் கதையின் உயிர். அவனுடைய அறத்தால் தன் ஆசனம் நடுங்கக் கண்ட இந்திரன் வரம் கொடுக்க வந்தான்; ஆபுத்திரன் அதனை மதிக்கவில்லை. சினம் கொண்ட இந்திரன் சாபம் இடவில்லை, பாத்திரத்தைப் பறிக்கவுமில்லை. பாண்டி நாடெங்கும் மழையைப் பெய்வித்து விளைவைப் பெருக்கினான். பசித்தவர் இல்லாமற் போயினர். ஆபுத்திரன் ஊரூராகச் சென்று, உண்பார் உண்டோ என்று கேட்டுத் திரிந்தான், கேட்டவர்கள் நகைத்தார்கள். கொடுப்பவனைத் தண்டிக்க இதனினும் கொடிய வழி தேவலோகத்தாருக்கும் தெரியவில்லை போலும். சாவக நாட்டில் மழையின்றி உயிர்கள் மடிகின்றன என்று கேள்வியுற்று அவன் கப்பல் ஏறினான். காற்றினால் கப்பல் மணிபல்லவத்தில் தங்க, அவன் இறங்கி நின்ற வேளையில், ஏறிவிட்டான் என்று எண்ணி மாலுமிகள் கப்பலைச் செலுத்திப் போயினர். ஆளில்லாத் தீவில் என் ஒருவன் வயிற்றை நிரப்பவா இப்பாத்திரம் என்று நொந்து, ஆண்டுக்கு ஒருமுறை வெளிப்பட்டு அறம் செய்வோர் கையில் சேர்க என வேண்டி, அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாநோன்பில் உயிர் நீத்தான்.

ஆபுத்திரன் செய்த மூன்று காரியங்களை நான் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்க்கிறேன். வாங்குவோர் வாராதபோது அவன் தேடிப் போனான். உள்ளூரில் இல்லையென்றால் கடல் கடக்கவும் துணிந்தான். அதுவும் கைகூடாதபோது, தான் பார்க்கப்போகாத ஒருவர் கைக்குப் பாத்திரம் சேருமாறு செய்துவிட்டே மாண்டான். பலனை எதிர்பாராமை என்பதற்கு இவன் வாழ்வைவிட நல்ல விளக்கம் கிடைக்காது. அதே சமயம், பெறுவோனை ஒரு கணமும் மறவாமைக்கும் இவனே சாட்சி. மறுபிறவியில் அவன் சாவக நாட்டிலேயே பிறந்து, புண்ணியராசன் என்ற பெயரோடு அந்நாட்டை ஆண்டான் என்று காப்பியம் தொடர்கிறது.

நம் காலத்தில் இவ்வனுபவத்தைப் பெற்றவர், நூலக விஞ்ஞானத்துக்கே தந்தை என்று உலகம் போற்றும் சீர்காழி இரங்கநாதன் அவர்கள். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த அவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் பதவியை ஏற்ற சில நாட்களுக்குள்ளேயே, மாணவர் முகம் காணாத அத்தனிமையைத் தாங்கமாட்டாமல், பழைய வேலைக்கே தம்மை அனுப்பிவிடும்படி வேண்டிக்கொண்டார். இங்கிலாந்து சென்று நூலகப் பணியைக் கற்று வருவது, அதன் பின்னும் சலிப்பு நீங்கவில்லையானால் கல்லூரிக்குத் திரும்பிவிடலாம் என்பது அப்போது செய்துகொண்ட ஏற்பாடு. அவர் 1925இல் திரும்பி வந்தார். அதன்பின் ஏறக்குறைய இருபதாண்டுகள் அந்த நாற்காலியை விட்டகலவில்லை. தனிமையைப் பழகிக்கொண்டதால் நிலைத்தார் என்று நான் நம்பவில்லை. தனிமையை ஒழிக்க வழி கண்டதால் நிலைத்தார். 1931இல் வெளிவந்த அவருடைய ஐந்து விதிகளுள் மூன்றாவது, எந்த நூலும் தனக்குரிய வாசகரை அடைந்தாக வேண்டும் என்பது. அதே 1931இல் மன்னார்குடிப் பக்கத்தில் கனகசபைப் பிள்ளை என்னும் பெரியவர், மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமந்தோறும் அனுப்பிய நடமாடும் நூலகத்தையும் இரங்கநாதனே தொடங்கிவைத்தார். உண்பார் உண்டோ என்று ஊரூராகக் கேட்டுப் போனவனின் வழி அது.

தேடிச் சென்றும் ஒருவரும் வாராத நாள் எஞ்சத்தான் செய்யும். மலையூர் மழை எவருடைய விதிக்கும் கட்டுப்பட்டதன்று. அன்று மாலை நூலகர் செய்ய வேண்டிய கடைசிக் காரியம், வருகைப் பதிவேட்டில் அந்நாளுக்குரிய இடத்தில் ஒருவருமில்லை என்று எழுதிக் கையொப்பமிடுவது. எண்ணிக்கையைக் கொண்டே நிலையங்களின் தகுதி அளக்கப்படும் உலகத்தில், தெரிந்த இரண்டு பெயர்களை எழுதிவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று உள்ளம் கேட்பது சகஜம். அவ்வாறு எழுதப்படும் பொய்ப் பெயர், வராத வாசகரை வந்தவராக்கிவிடுகிறது. ஆகவே அவரைத் தேடிப் போக வேண்டிய அவசியத்தையும் அழித்துவிடுகிறது. சூனியத்தைச் சூனியமாகவே எழுதுகிற கை, அவ்வூரில் யாருக்கோ நூல் சேரவில்லை என்ற உண்மையைக் காப்பாற்றுகிறது. வாசகர் வாராத நாளுக்கென்று தனியான ஒரு தர்மம் உண்டானால், அது இதுதான் என்பேன். கதவைத் திறந்ததற்கும் துடைத்து அடுக்கியதற்கும் அடுத்தபடியாக இதனை வைக்கமாட்டேன், அவற்றுக்கு முன்பே வைப்பேன்.

அந்தச் சூனியத்துக்கு விடை சொல்ல வேண்டியவர் நூலகர் மட்டும் அல்லர். நிவந்தம் விட்டவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. கவுஞ்சியிலும் பூண்டியிலும் மன்னவனூரிலும் காட்டு வேலை முடிந்து ஆட்கள் ஊருக்குள் நுழைவது அந்தி வேளையில். அதன்பின் இரண்டு மணி நேரமாவது நூல்களுக்கு முன்னால் ஒரு விளக்கு எரியவும், அறுவடைக் காலத்தில் நூலகர் ஒரு பெட்டிப் புத்தகத்தோடு வரப்புக்கே சென்று இரவல் பதியவும் விதிகளில் இடம் வேண்டுமென்று, வரி செலுத்தும் நாம் கிராம சபையில் எழுந்து கேட்க வேண்டும். அகாலத்தில் உழைக்கும் அவருக்கு அதற்கேற்ற ஊதியமும் சேர்த்துக் கேட்க வேண்டும்.