கூலிக் கணக்கில் ஒரு தேதி

செப்டம்பர். பிரான்ஸில் பர்கண்டி, போன் என்ற சிறு நகரம். சரிவுகளில் பினோ நுவார் திராட்சை.

விடிகாலை. இலையில் ஈரம். குலை குளிர்ந்திருக்கிறது. காம்பில் கத்தரி விழும் சின்னச் சத்தம். விரல் பிசுபிசுக்கிறது.

பத்து மணிக்குள் முதுகில் வெயில் ஏறிவிடுகிறது.

*

போன் நகர நோத்ர-தாம் தேவாலயத்தின் பழைய கணக்குப் புத்தகம். பறித்தவர்களுக்குக் கொடுத்த கூலி. வேலை என்றைக்குத் தொடங்கியது என்பதும் அதில் இருக்கிறது.

எழுதிய கை வானத்தைப் பற்றி எழுதவில்லை. காசு நேராக வேண்டும், அவ்வளவுதான்.

கூலிக் கணக்கு. நகரசபைக் குறிப்பு. பிறகு செய்தித்தாள். 1354 முதல் 2018 வரையிலான தேதிகளைக் கோத்து, தொமா லாபேயும் உடன் ஆய்வாளர்களும் 2019-இல் வெளியிடுகிறார்கள்.

*

வசந்தமும் கோடையும் சுட்டால் பழம் முந்துகிறது. குளிர்ந்தால் பிந்துகிறது.

ஏப்ரல் முதல் ஜூலை வரை அடித்த வெயில், இலையுதிர்காலத்தின் வாசலில் ஒரு தேதியாக நிற்கிறது.

பழுத்தால் மட்டும் போதாது. பறிக்கலாம் என்று யாராவது சொல்ல வேண்டும். போர் நடந்தால் ஆள் கிடைப்பதில்லை. ருசி மாறினால் இன்னும் சில நாள் கொடியிலேயே விட்டுவைக்கிறார்கள். தேதிக்குள் மனிதர்களும் இருக்கிறார்கள்.

*

1540. ஐரோப்பாவின் நடுவே மாதக்கணக்கில் மழை இல்லை. ஆறுகள் இளைக்கின்றன. பழம் கொடியிலேயே வற்றுகிறது.

*

1816. முந்தைய ஆண்டு ஏப்ரலில், சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்திருக்கிறது. அதன் கந்தகம் உயரே மெல்லிய படலமாய்ப் பரவியிருக்கிறது.

பர்கண்டிக்குக் கோடை வரவில்லை. அக்டோபர் பிற்பகுதி வரை குலைகள் கொடியில்.

அந்தப் புளிப்பை நினைத்தாலே பல் கூசுகிறது.

*

1582, டிசம்பர் 9. பிரான்ஸில் மறுநாள் டிசம்பர் 20.

நாட்காட்டி மாறியதால் நடுவில் பத்து நாள் இல்லை. பழைய தேதிகளை நகர்த்தி வைத்துத்தான் இன்று ஒப்பிடுகிறார்கள்.

*

1987 வரை, அறுவடை தொடங்கும் சராசரி நாள் செப்டம்பர் 28.

1988 முதல், அதற்குச் சுமார் 13 நாள் முன்னால்.

அந்தப் பத்து நாளைப் போல அல்ல; இந்த 13 நாளை யாரும் நாட்காட்டியிலிருந்து எடுக்கவில்லை.

*

2003. ஆகஸ்டிலேயே பறிப்பு. நிழல் குட்டையாக விழுகிறது. சூடேறிய பழம் கூடையிலேயே நொதிக்கப் பார்க்கிறது.

அது முதல் 2018 வரை 16 ஆண்டுகள். அவற்றில் 8, அந்த 664 ஆண்டு வரிசையிலேயே மிக முந்தியவற்றோடு சேர்கின்றன.

*

முந்துவது நல்லதா, பிந்துவது நல்லதா. கேள்வி வருகிறது. போகிறது.

 

*

2020. ஆகஸ்ட்.

2021. ஏப்ரலில் உறைபனி. மொட்டு கருகாமலிருக்க, கொடி வரிசைகளுக்கு நடுவே இரவெல்லாம் மெழுகு எரிகிறது. பறிப்பு செப்டம்பரில்.

2022. மறுபடி ஆகஸ்ட்.

*

2023, செப்டம்பர். வடக்கே, ஷாம்பேன். பறிக்கும் நாட்களில் கடும் வெயில். வேலைக்கு வந்தவர்களில் சிலர் இறந்துபோகிறார்கள். வெயிலாக இருக்கலாம் என்கின்றன செய்திகள்.

இந்த இடத்தில் பேனா நிற்கிறது.

*

2024. மறுபடி பர்கண்டி. மழை விடுவதில்லை. இலையில் பூஞ்சை. பறிப்பு செப்டம்பர் நடுவில் தொடங்குகிறது. கொடியில் பழம் குறைவு.